என் அலமாரியை நம்பி வாங்கிய பங்கு

என்னிடம் ஒரு நீலச் சட்டை இருக்கிறது. பருத்தி. ஒன்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். காலர் மடிப்பில் மட்டும் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, மற்றபடி ஒரு தையல்கூடப் பிரியவில்லை. இடது கை கஃப்பில் இருந்த பட்டன் ஒரு தடவை அறுந்தது. உள்பக்கம் துணியோடு சேர்த்துத் தைத்திருந்த உபரி பட்டனை எடுத்து நானே தைத்துக்கொண்டேன். அந்தச் சட்டையை நம்பித்தான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு துணிக்கடைக் கம்பெனியின் பங்கை வாங்கினேன்.

யோசித்துத்தான் வாங்குகிறோம் என்று அப்போது நினைத்தேன். அலமாரியைத் திறந்தால் பாதிக்கு மேல் அந்த ஒரே கடையின் துணி. எனக்கு, கணவருக்கு, மகளுக்கு, மூன்று பேருக்கும் அங்கேதான் எடுப்போம். அளவு மாறாது. போன வருடம் எடுத்த எம் சைஸும் இந்த வருடம் எடுக்கிற எம் சைஸும் தோளில் ஒரே மாதிரி உட்காரும். துவைத்தால் சுருங்காது. எப்போது போனாலும் கூட்டம். டிரையல் ரூம் வாசலில் ஆளுக்கு ஐந்தாறு துணியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். என்ன செய்கிறார்கள் என்றே தெரியாத இரும்புக் கம்பெனியிலும் மருந்துக் கம்பெனியிலும் பணத்தைப் போடுவதைவிட, உடம்பில் போட்டுக்கொள்கிற துணியைத் தருகிறவர்களிடம் போடலாமே என்று தோன்றியது. சேமிப்பில் கணிசமான ஒரு பகுதியை அதில் போட்டேன்.

"உனக்குப் பிடிச்சா ஊருக்கே பிடிக்குமா?" என்று கணவர் அப்போதே கேட்டார். "ஊரே அங்கதாங்க நிக்குது, வந்து பாருங்க" என்றேன்.

முதல் வருடம் ஏறியது. ஏறியதும் இன்னும் கொஞ்சம் வாங்கினேன். இரண்டாவது வருடம் ஒரு காலாண்டு முடிவு வந்த அன்று காலையிலேயே விழுந்தது. அதற்கடுத்த முடிவில் இன்னும் விழுந்தது. அந்த வாரக் கடைசியில் நானே நேரில் போய்ப் பார்த்தேன். அதே கூட்டம், அதே வரிசை. கடை இப்படி ஓடும்போது பங்கு ஏன் விழ வேண்டும், சந்தைக்குத்தான் புரியவில்லை என்று திடமாக நம்பினேன். அந்த நம்பிக்கையில் மேலும் எட்டு மாதம் பிடித்து வைத்திருந்தேன். கடைசியில் போட்டதில் பாதிகூடத் தேறாத விலைக்கு விற்றேன். மகளின் படிப்புக்கு என்று மனதில் ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதி அது. அந்த வருத்தம் இன்றும் முழுதாகப் போகவில்லை.

விற்ற பிறகுதான் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்தேன். மின்னஞ்சலில் வந்து இரண்டு வருடமாகப் படிக்கப்படாமல் கிடந்தது. அதில் எல்லாமே இருந்தது, யாரும் எதையும் மறைக்கவில்லை. விற்பனை கொஞ்சம் கூடியிருந்தது. சரக்கு இருப்பு அதைவிடப் பல மடங்கு வேகமாகக் கூடியிருந்தது. மொத்த லாப விகிதம், அதாவது விற்ற விலையில் சரக்கின் அடக்கவிலை போக மிஞ்சும் பங்கு, இரண்டு வருடமாக இறங்கிக்கொண்டே வந்திருந்தது. புதுக் கடைகள் நிறையத் திறந்திருந்தார்கள். பழைய கடைகளின் விற்பனையை மட்டும் தனியாகப் பார்த்தால், அது தேய்ந்துகொண்டிருந்தது. நான் கண்ணால் பார்த்த கூட்டம் பொய்யில்லை. அந்தக் கூட்டம் எந்த விலைக்கு வாங்கியது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்று இரவு இன்னொரு காரியமும் செய்தேன். எனக்கு பில்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் உண்டு. ஒரு பழைய பழுப்பு உறையில் எல்லாம் இருக்கும். அந்தக் கடையின் பில்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் தேதிவாரியாக அடுக்கினேன். நான்கு வருடத்தில் 13 பில். வெப்பத்தாள் பில் என்பதால் பழையவற்றில் எழுத்து மங்கி, விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால்தான் படிக்க முடிந்தது. 13 பில்லில் 12-ல் தள்ளுபடி என்ற வரி இருந்தது. முழு விலைக்கு வாங்கியது ஒன்றே ஒன்று, அதுவும் முதல் பில். அதாவது, அந்தக் கடையைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு நான் ஒரு தடவைகூட முழு விலை கொடுக்கவில்லை. எந்த மாதம் விலை குறைப்பார்கள் என்று தெரியும், அதுவரை காத்திருப்பேன்.

என்னை நான் அந்தக் கடையின் நல்ல வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடையின் கணக்கில் நான் யார்? வருடத்துக்கு மூன்று தடவை வருகிறவள். வரும்போது தள்ளுபடியில் மட்டும் எடுக்கிறவள். எடுத்த சட்டையை ஒன்பது வருடம் போடுகிறவள். என்னைப் போல ஆயிரம் பேர் வந்தால் கடையில் வரிசை நிற்கும், லாபம் நிற்காது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பங்கு வாங்கும் நண்பர்கள் பலரிடம் பார்த்துவிட்டேன், எல்லோரும் இதில்தான் வழுக்குகிறார்கள். வாங்குகிறவளாக எனக்கு ஒரு கடையில் எதெல்லாம் பிடிக்கிறதோ, அதில் பெரும்பகுதி பங்குதாரரின் பையிலிருந்து போகிறது. அடிக்கடி தள்ளுபடி எனக்குப் பிடிக்கும். அது மொத்த லாபத்தைத் தின்கிறது. எல்லா அளவும் எல்லா நிறத்திலும் எப்போதும் இருப்பது பிடிக்கும். அது பணம் சரக்காக முடங்கிக் கிடப்பது. விசாலமான கடை, அகலமான நடைவழி, நல்ல வெளிச்சம், இரண்டு பேர் நின்று உதவுவது எல்லாம் பிடிக்கும். வாடகையும் சம்பளமும் அது. பிடிக்காவிட்டால் கேள்வி கேட்காமல் திருப்பி வாங்கிக்கொள்வது ரொம்பப் பிடிக்கும். திரும்பி வந்த துணியைப் பிரித்துப் பார்த்து, இஸ்திரி போட்டு, மறுபடி மடித்துக் கவரில் போட ஆள் வேண்டும். அதற்குள் பருவம் போய்விட்டால் அதைப் பாதி விலைக்குத்தான் தள்ள முடியும். துணி ஒன்பது வருடம் உழைப்பதும் அப்படித்தான்: எனக்கு லாபம், அவர்கள் அடுத்த சட்டையை எனக்கு விற்க ஒன்பது வருடம்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டும் நன்றாகச் சம்பாதிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. வாடிக்கையாளர் திருப்தியைக் குறைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் திருப்திக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்காமல் பங்கு வாங்கக் கூடாது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

நமக்குத் தெரிந்ததை வாங்கு என்ற யோசனையை என்னைப் போன்றவர்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர் பீட்டர் லிஞ்ச். அமெரிக்க முதலீட்டு நிறுவனமான ஃபிடெலிட்டியின் மெகல்லன் என்ற மியூச்சுவல் ஃபண்டை 1977 முதல் 1990 வரை நடத்தியவர். அந்த 13 வருடத்தில் வருடத்துக்குச் சராசரியாக 29 சதவீதம் வளர்த்துக் கொடுத்தவர். அவர் சொன்ன கதை பலருக்குத் தெரியும்: மனைவி கேரலின் சூப்பர் மார்க்கெட்டில் லெக்ஸ் என்ற காலுறையைப் பார்த்து வாங்கி வந்தார், பிடித்துப்போயிற்று, அதைத் தயாரித்த ஹேன்ஸ் கம்பெனியின் பங்கை லிஞ்ச் வாங்கினார், நன்றாகச் சம்பாதித்தார். நானும் இவ்வளவுதான் கேள்விப்பட்டிருந்தேன். இந்தத் துண்டுக் கதைதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

முழுக் கதையைப் பிறகு படித்தேன். லிஞ்ச் பிடித்துக்கொண்ட விஷயம் காலுறையின் தரத்தோடு நிற்கவில்லை. அதுவரை நல்ல காலுறை வாங்க டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குத்தான் போக வேண்டும், அங்கே பெண்கள் எப்போதாவதுதான் போவார்கள். சூப்பர் மார்க்கெட்டுக்கு வாராவாரம் போகிறார்கள். கல்லாவுக்குப் பக்கத்திலேயே நல்ல காலுறை தொங்கினால் எத்தனை ஜோடி போகும்! விற்கும் இடம் மாறியதில் இருந்த வியாபாரத்தை அவர் பார்த்தார். அதோடும் விடவில்லை. போட்டிக் கம்பெனி ஒன்று நோ நான்சென்ஸ் என்று தன் காலுறையைக் கொண்டுவந்தபோது, அதில் 48 ஜோடி வாங்கி, அலுவலகத்தில் அணிகிற எல்லோருக்கும் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். தரம் ஹேன்ஸுக்குக் கீழேதான் என்று அவர்கள் வந்து சொன்ன பிறகே பங்கைப் பிடித்து வைத்திருந்தார். கேரலினுக்குப் பிடித்தது அவருக்கு ஒரு துப்பு. துப்பு கிடைத்த இடத்திலிருந்து அவர் வேலையைத் தொடங்கினார். நான் துப்பு கிடைத்ததும் பணத்தைக் கட்டிவிட்டேன்.

நம் ரசனை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஜே.சி.பென்னி கதையை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவின் பழைய பெரிய கடை. ஆப்பிள் கடைகளைக் கட்டியெழுப்பிய ரான் ஜான்சன் 2011 நவம்பரில் அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2012 பிப்ரவரியில் கூப்பன்களையும் ஓயாத தள்ளுபடிகளையும் எடுத்துவிட்டு, எல்லா நாளும் ஒரே நேரான குறைந்த விலை என்று அறிவித்தார். அந்தத் திட்டத்தைப் படிக்கும்போது எனக்கு அவ்வளவு நியாயமாகப் பட்டது. விலையை முதலில் ஏற்றி எழுதிப் பிறகு அடித்துக் காட்டும் நாடகம் வேண்டாம், உண்மையான விலையைச் சொல் என்கிறார், இதில் என்ன தப்பு? நான் அந்தக் கடைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் ஓடிப் போய்ப் பங்கு வாங்கியிருப்பேன். ஒரே வருடத்தில் விற்பனை சுமார் 1,720 கோடி டாலரிலிருந்து சுமார் 1,300 கோடி டாலருக்கு விழுந்தது. நான்கில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. 2013 ஏப்ரலில் ஜான்சன் வெளியேறினார். கூப்பனை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, கல்லாவில் நீட்டி, இவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்று பில்லைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள்தான் அந்தக் கடையின் உயிர். அந்தச் சந்தோஷத்தை எடுத்ததும் அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். கடை பிறகு மீளவே இல்லை, 2020 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டது.

இதற்கு நேர் எதிர் கதை ஆபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச். ஒரு காலத்தில் இருட்டான கடை, காதைப் பிளக்கும் இசை, வாசலிலேயே மூக்கில் ஏறும் வாசனைத் திரவியம், மார்பில் பெரிய எழுத்தில் பெயர் போட்ட சட்டை என்று பதின்ம வயதினருக்காக நடந்த கடை. பழைய தலைவர் மைக் ஜெஃப்ரீஸ் 2014 டிசம்பரில் போனார். 2017-ல் ஃபிரான் ஹோரோவிட்ஸ் வந்தார். விளக்கைப் போட்டு, இசையைக் குறைத்து, வேலைக்குப் போகும் வயதினருக்கான துணிக்கு மாற்றினார். 2023-ல் அந்தப் பங்கு ஏறத்தாழ நான்கு மடங்கானது. செயற்கை நுண்ணறிவு அலையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த என்விடியாவே அந்த வருடம் அவ்வளவு ஏறவில்லை. பத்து வருடத்துக்கு முன்பு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தவர்கள் தங்கள் வழக்கத்தை வைத்து முடிவு செய்திருந்தால், அந்தக் கதவுக்குள் மறுபடி காலே வைத்திருக்க மாட்டார்கள். நம் பழக்கம் பெரும்பாலும் பழைய நினைவு. ஒரு கடையை விட்டு விலகிய நாளோடு அதைப் பற்றிய நம் அறிவும் நின்றுவிடுகிறது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர்ப் பலகையில் உள்ள பெயரும் சந்தையில் வாங்கும் பங்கும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. பிரைமார்க் என்ற மலிவு விலைக் கடையின் துணி பிடித்து அதன் பங்கைத் தேடிப் போனவர்களுக்குப் பல பத்தாண்டுகளாகக் கிடைத்தது அசோசியேட்டட் பிரிட்டிஷ் ஃபுட்ஸ் பங்கு, அதனோடு சர்க்கரை ஆலையும் ட்வைனிங்ஸ் தேயிலையும் சேர்ந்தே வந்தன. யுனிக்லோ பிடித்தால் டோக்கியோ சந்தையில் ஃபாஸ்ட் ரீடெய்லிங் என்று தேட வேண்டும். 2019-ல் திவாலான ஃபாரெவர் 21 போலச் சில கடைகள் ஒரு குடும்பத்தின் கையிலேயே இருந்தவை, பங்குச் சந்தைப் பக்கமே வரவில்லை. இன்னொன்று: ஸாரா கடைகளின் தாய்க் கம்பெனியான இண்டிடெக்ஸ் உலகம் முழுக்க 5,000-க்கு மேற்பட்ட கடைகளை நடத்துகிறது. நான் போவது அதில் ஒன்று. அதுவும் ஞாயிற்றுக்கிழமை மாலை, எல்லாக் கடையும் நிரம்பியிருக்கும் நேரம். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அதே கடை எப்படி இருக்கும் என்று இந்த நஷ்டத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான், பங்கை விற்று ஒரு வருடம் ஆன பிறகு, வேறொரு கடையில் அந்தப் பையனைச் சந்தித்தேன். மடித்து அடுக்கும் வேலையில் இருந்தான். கடையில் ஆளே இல்லை. சும்மா பேச்சுக் கொடுத்தேன். பங்கில் விட்ட கதையையும் சொன்னேன்.

"அக்கா, நீங்க என்ன வாங்கினீங்கன்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது," என்றான். "என்ன தொங்குதுன்னு பாருங்க."

"தொங்கறதுல என்ன தம்பி தெரியும்?"

என்னை ஒரு கம்பிக்குக் கூட்டிப் போனான். கடுகு நிறத்தில் ஒரு ஜாக்கெட், வரிசையாகத் தொங்கியது. ஹேங்கரின் கழுத்தில் இருந்த அளவு வளையத்தை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். எஸ், எம், எம், எல், எல், எக்ஸ்எல். நடு அளவுகள் எல்லாம் அப்படியே இருந்தன. "எம்மும் எல்லும்தான் எங்கேயும் முதல்ல போகும். அதுவே முழுசா நிக்குதுன்னா இந்த டிசைன் யாருக்கும் பிடிக்கலைன்னு அர்த்தம்." பக்கத்துக் கம்பியில் ஒரு கறுப்பு பேன்ட். அதில் மிஞ்சியது நான்குதான், மிகச் சின்ன அளவு மூன்று, மிகப் பெரிய அளவு ஒன்று. "இது போயிடுச்சு. மிச்சம் ஓரத்து சைஸ். இதைத் தள்ளுபடியில போட்டாலும் கடைக்கு வலிக்காது." வாசலில் நின்று பார்த்தால் இரண்டு கம்பியிலும் ஒரே தள்ளுபடி அட்டைதான் தெரியும். ஒன்று தோற்ற சரக்கு, மற்றது ஜெயித்த சரக்கின் வால்.

பிறகு ஜாக்கெட்டின் விலைச் சீட்டைப் புரட்டிக் காட்டினான். சிவப்பு ஸ்டிக்கர். அதன் ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கினால் அடியில் இன்னொரு சிவப்பு ஸ்டிக்கர், அதற்கும் அடியில் ஒன்று. மூன்று தடவை இறக்கியிருக்கிறார்கள். மூன்றாவது விலைக்கும் யாரும் தொடவில்லை. அந்தச் சீட்டைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். நான் இரண்டு வருடம் கழித்து ஆண்டறிக்கையில் படித்த விஷயம், மொத்த லாப விகிதம் இறங்கிக்கொண்டிருந்த விஷயம், ஒரு நகத்தளவு தடிமனில் அங்கே ஒட்டியிருந்தது. என் கடையிலும் இப்படித்தான் ஒட்டியிருந்திருக்கும். நான் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து கடைக்குப் போனால் நான் பார்ப்பது வேறு. தள்ளுபடி வாசலுக்கு வந்திருக்கிறதா, பின்மூலையில் இருக்கிறதா. பருவம் தொடங்கி எத்தனையாவது வாரத்தில் முதல் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், போன வருடம் எத்தனையாவது வாரம். நடு அளவுகள் நிற்கின்றனவா. ஒரே சரக்கு ஆறு வாரம் கழித்தும் அதே கம்பியில் தொங்குகிறதா. கல்லாவில் எனக்கு முன்னால் நிற்பவரின் கூடையில் புதுவரவு இருக்கிறதா, சிவப்பு ஸ்டிக்கர் மட்டும்தானா. என் கைக்கு என்ன பிடித்தது என்பதை இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கடையில் பார்த்ததை அறிக்கையில் சரிபார்க்க முடியும் என்பதுதான் துணி வியாபாரத்தில் எனக்குப் பிடித்தது. சரக்கு இருப்பு என்ற ஒரு வரி போதும் தொடங்குவதற்கு. விற்பனை எவ்வளவு கூடியது, சரக்கு எவ்வளவு கூடியது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புதுக் கடைகள் திறந்தாலோ பண்டிகைக்கு முன்னால் நிரப்பினாலோ சரக்கு கூடும், அது நியாயம். காரணமில்லாமல் சரக்கு முந்திக்கொண்டு ஓடினால், அடுத்த இரண்டு காலாண்டில் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் வரப்போகிறது. துணி பெட்டியில் வைத்தால் அழுகாது, ஆனால் தங்கம் மாதிரி இல்லை, பருவம் மாறினால் மதிப்பு போய்விடும். 1947-ல் ஸ்வீடனில் தொடங்கிய எச் அண்ட் எம் 2018-ன் முதல் காலாண்டில் விற்காத சரக்கு மட்டும் சுமார் 430 கோடி டாலர் என்று காட்டியது. அந்தக் காலாண்டில் செயல்பாட்டு லாபம் பாதிக்கு மேல் விழுந்தது. விலையைக் குறைத்துத்தான் சரக்கைத் தீர்க்க வேண்டியிருக்கும் என்று கம்பெனியே சொன்னது. அதே எச் அண்ட் எம் கடைகளில் அப்போதும் கூட்டம் இருந்தது.

ஸாராவின் கதை வேறு. முதல் ஸாரா கடை 1975-ல் ஸ்பெயினின் லா கொருன்யாவில் அமான்சியோ ஒர்த்தேகா திறந்தது. தாய்க் கம்பெனி இண்டிடெக்ஸ் 2001-ல் சந்தைக்கு வந்தது. அவர்கள் துணியின் பெரும்பகுதியைப் பருவத்துக்கு முன்பே மொத்தமாகத் தைத்துக் குவிப்பதில்லை. ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கி என்று பக்கத்திலேயே கணிசமாகத் தைத்து, வாரத்துக்கு இரண்டு தடவை கடைக்கு அனுப்புகிறார்கள். போகிற சரக்கை மறுபடி தைப்பார்கள், போகாததை நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் தைப்பதில் கூலி அதிகம். அதற்குப் பதிலாகத் தள்ளுபடியில் விடுவது குறைகிறது. வாங்குகிறவளாக எனக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு: பிடித்ததை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தால் இருக்காது. அந்தக் குறைதான் அவர்களின் பலம். அடுத்த வாரம் இருக்காது என்று தெரிந்தவர்கள் இன்றே முழு விலைக்கு எடுக்கிறார்கள்.

பழைய கடைகளின் விற்பனையை மட்டும் தனியாகச் சொல்லும் எண்ணையும் விடக் கூடாது. ஒரு வருடத்துக்கு மேல் திறந்திருக்கும் கடைகள் போன வருடத்தைவிட எவ்வளவு விற்றன என்பது அது. மொத்த விற்பனையைப் புதுக் கடை திறந்தே ஏற்றிக் காட்டலாம், இந்த எண்ணை அப்படி ஏற்ற முடியாது. நான் ஏமாந்தது சரியாக இங்கேதான். வாடகையும் அப்படி. துணிக்கடை தன் கடன் என்று காட்டுவது ஒரு தொகை, பத்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தங்கள் இன்னொரு பெரிய தொகை. 2019 முதல் ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்ற சர்வதேசக் கணக்கியல் விதியைப் பின்பற்றும் கம்பெனிகள் வாடகைப் பொறுப்பையும் இருப்புநிலைக் குறிப்பிலேயே காட்ட வேண்டும். விற்பனை விழுந்தால் சட்டை தைப்பதை நிறுத்தலாம், வாடகையை நிறுத்த முடியாது.

இவ்வளவும் நன்றாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சம்: இந்த நல்ல சேதிக்குப் பங்கின் விலையில் ஏற்கெனவே எவ்வளவு கொடுத்தாகிவிட்டது? எனக்குத் தெரிந்த கடை எல்லோருக்கும் தெரிந்த கடை. கூட்டத்தை நான் மட்டும் பார்க்கவில்லை. நிதித் துறைப் பேராசிரியர்கள் பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நம்மைப் போன்ற தனிநபர்கள் கண்ணில் அதிகம் படுகிற பங்குகளையே ஓடிப் போய் வாங்குகிறோம் என்று காட்டினார்கள். தெருவில் தினமும் பலகை தெரிகிற துணிக்கடையைவிடக் கண்ணில் படுகிற கம்பெனி எது? நான் வாங்கிய அன்று அந்தப் பங்கின் விலை, ஒரு பங்குக்கு வரும் ஒரு வருட லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்று நான் பார்க்கவே இல்லை. பிறகு கணக்குப் போட்டேன். எல்லாம் நல்லபடியாக நடந்திருந்தாலும் அந்த விலை கூடுதல்தான்.

மகள் இப்போது துணி எடுப்பதெல்லாம் கைபேசியில். மூன்று அளவில் ஒரே உடுப்பை வரவழைத்து, கண்ணாடி முன் போட்டுப் பார்த்து, இரண்டைத் திருப்பி அனுப்புகிறாள். போன மாதம் அவளே கேட்டாள்: "அம்மா, இந்தக் கம்பெனி சூப்பரா இருக்கும்மா, இதுல ஷேர் வாங்கலாமா?" நான் அவளைத் திட்டவில்லை. அவள் கட்டிலில் கிடந்த கவர்களைக் காட்டி, இந்த வருடம் எத்தனை வாங்கினாய், எத்தனை திருப்பி அனுப்பினாய் என்று எண்ணச் சொன்னேன். கைபேசியில் பார்த்து எண்ணினாள். வாங்கியது 31, திருப்பியது 19. அந்தப் 19 தடவையும் போக, வர வண்டிக்கூலி யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கம்பெனியின் ஆண்டறிக்கையை எங்கே பார்ப்பது என்று கேட்டாள். இருவரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தோம். திருப்பி அனுப்புவதற்கான செலவு என்று தனி வரி இல்லை, குறிப்புகளுக்குள் தேட வேண்டியிருந்தது. தேடிக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

துணிக்கடைப் பங்கே வேண்டாம் என்று நான் ஒதுங்கவில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு, கண்ணால் பார்த்ததையும் ஏட்டில் எழுதியதையும் ஒத்துப் பார்க்கக்கூடிய வியாபாரம் இதைப் போல வேறு அமையாது. ஆறு மாதமாக ஒரு கம்பெனியைத் தொடர்ந்து வருகிறேன். அந்தக் கடையில் எனக்கு ஒரு துணியும் பிடிக்கவில்லை. நிறமெல்லாம் என் வயதுக்கு அதிகம், வெட்டு என் தோளுக்கு ஒத்து வராது. ஆனால் நான்கு வேறு வேறு கிளைகளில், வேலை நாள் காலையில் மூன்று தடவையும் விடுமுறையில் இரண்டு தடவையுமாகப் போய்ப் பார்த்தேன். சிவப்பு ஸ்டிக்கர் பின்மூலையில் ஒரே ஒரு கம்பியில்தான் இருந்தது, அதிலும் ஓரத்து அளவுகள். போன பருவத்தைவிட முதல் தள்ளுபடி இரண்டு வாரம் தள்ளி வந்தது. கல்லாவில் நின்ற 20 பேரின் கூடையைப் பார்த்துக் குறித்ததில் 14 பேர் முழு விலைக்கு எடுத்தார்கள்.

20 பேர் என்பது ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் வாங்கவில்லை. அடுத்த காலாண்டு அறிக்கை மூன்று வாரத்தில் வருகிறது. நோட்டில் அந்தப் பக்கத்தில் விற்பனைக்கு ஒரு கட்டம், சரக்கு இருப்புக்கு ஒரு கட்டம், பழைய கடைகளின் விற்பனைக்கு ஒரு கட்டம் போட்டு, மூன்றையும் காலியாக விட்டிருக்கிறேன்.